திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். கிட்டார் போலத் தோளில் மாட்டும் கீபோர்டான கீட்டாருக்கு (keytar) மாறலாமா? ஊர் கிருஷ்ணகிரி.

மாறலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, அதற்குள்ளேயே ஒலி இருக்கிறதா என்பதைத்தான். அலெசிஸ் வோர்டெக்ஸ் வெறும் மிடி கன்ட்ரோலர், எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவலை மட்டும் அனுப்பும். லேப்டாப்போ வேறு கீபோர்டோ இணைத்தால்தான் பேசும். யமஹா எஸ்எச்எஸ்-500, ரோலண்ட் ஏஎக்ஸ்-எட்ஜ் இரண்டிலும் ஒலி உள்ளேயே உண்டு. யமஹாவில் இருப்பது 37 சின்னக் கட்டைகள், தடித்த விரலுக்குச் சங்கடம். ரோலண்டில் முழு அளவில் 49. விலையும் எடையும் அதிகம். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் பெங்களூரு கடைகளுக்குப் போன் செய்து, இருப்பு இருந்தால் நேரில் போய் மாட்டிப் பாருங்கள். சுமார் 90 கிலோமீட்டர்தானே.

வாசிப்பில் பெரிய மாற்றம் இடது கைக்குத்தான். அது கட்டையை விட்டுக் கீட்டாரின் கழுத்துப் பகுதிக்குப் போய்விடும். பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைப்பது), மாடுலேஷன் (சுரத்தை அதிரவைப்பது) எல்லாம் அங்கேதான். ஆகவே இடது கை வாசித்த பேஸ் (கீழ்ச் சுரங்கள்), கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும். நாதஸ்வரப் பிடிகளுக்கு இந்தப் பிட்ச் பெண்ட் வரப்பிரசாதம் என்பேன். பெண்ட் அளவை இரண்டு அரைச் சுரங்களுக்கு வையுங்கள். ஸ அழுத்தி, முழுதாக மேலே தள்ளினால் சதுச்ருதி ரிஷபம் வரும். அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பப் பழகுங்கள், மெதுவாக.

பட்டையைத் தொங்கவிடாமல் ஏற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். அப்புறம், யமஹாவுக்கு ஆறு ஏஏ பேட்டரி. மேடைக்கு மாற்று செட் கட்டாயம்.