ரைஃபிளின் குறி திடீரென்று சிதறுவது ஏன்?

100 மீட்டரில் 3 செ.மீ.க்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் இப்போது 10 செ.மீ.க்குச் சிதறுகின்றன, குழல் தேய்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். திடீரென்று வந்த கோளாறு என்றால் குழலைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் திருகுதான் தளர்ந்திருக்கும்.

துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தாங்கும் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப்பின் வளையங்கள் அமர்ந்திருக்கும் அடித்தாங்கியின் திருகைப் பார்க்க ஸ்கோப்பையே கழற்ற வேண்டியிருக்கும். சோம்பல்பட்டுப் பலர் விடுவது இதைத்தான். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் போதும், மிஞ்சினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கட்டையை (தோளில் வைத்துப் பிடிக்கும் பாகத்தை) பிணைக்கும் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு.

அடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுங்கள். கட்டையைத் தொடாத வகைக் குழல் என்றால் தாள் தடையின்றிப் போக வேண்டும். மரக்கட்டை ஈரத்தில் உப்பி ஒரு பக்கம் அழுத்தினால், குழல் சூடேறச் சூடேறக் குறி ஒரே திசையில் நகரும். (சில மாடல்களில் கட்டையின் முன்நுனியில் வேண்டுமென்றே அழுத்தம் வைத்திருப்பார்கள், அதைச் செதுக்கிவிடாதீர்கள்.)

செம்புப் படிவு நீக்கும் திரவத்தால் குழலின் உட்புறத்தைத் துடைக்கும்போது துணியில் நீலம் வந்தால், அது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு மணல்மூட்டையில் வைத்து, ஒரே தொகுதித் தோட்டாக்களால், குழலை ஆறவிட்டு 5 முறை சுடுங்கள். அப்போதும் சிதறினால், நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள்.