வீட்டில் பேசுகிறாள், வகுப்பில் பேசுவதில்லை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வீட்டில் பாட்டியோடு பல்லாங்குழி ஆடும்போது வாய் ஓயாமல் பேசுகிறவள், பள்ளியில் இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பிள்ளைகள் ‘ஊமை’ என்று கூப்பிடுகிறார்கள்; தோழி என்று ஒருத்தியும் இல்லை. வேலூர் பாகாயம் மனநல மையத்தில் குழந்தைகளுக்கான மருத்துவரைப் பார்க்கும்படி ஆசிரியை சொன்னார். என் மாமியாரோ, “பாகாயத்துக்குப் போனால் ஊர் என்ன பேசும்? நாளைக்கு வரன் அமைய வேண்டாமா?” என்று கேட்டு, மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, உங்கள் மகள் பிடிவாதத்தால் வாயை மூடிக்கொள்ளவில்லை. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தைக்குப் பள்ளியில் மட்டும் அச்சத்தால் பேச்சு எழாமல் போவதை மருத்துவர்கள் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்கிறார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்துக் கூச்சத்தை இதில் சேர்ப்பதில்லை. ஐந்து மாத மௌனத்தை அப்படி விட்டுவிட முடியாது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது இதை ஒத்திருக்கிறது.

தோழிகள் பலர் வேண்டாம், ஒருத்தி போதும். வகுப்பில் அவள் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பிள்ளை யார் என்று ஆசிரியையிடம் கேட்டு, அந்தப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். பல்லாங்குழியையே எடுத்து வையுங்கள். புளியங்கொட்டையைக் குழிகளில் போட்டுக்கொண்டே போவதற்குப் பேச்சு தேவையில்லை, ஆனால் எதிராளி கொட்டையைத் தவறாகப் போட்டால் எந்தக் குழந்தைக்கும் வாய் திறந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து “பேசு, பேசு” என்று தூண்டாதீர்கள். அவளிடம் யாராவது எதையாவது கேட்டால் முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாமல், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். “என்ன வேண்டும்?” என்பதைவிட “கொய்யாவா, வாழைப்பழமா?” என்று கேட்பது அவளுக்கு எளிது. ஒரு சொல் வந்துவிட்டால் வீடே கைதட்டவும் வேண்டாம். எல்லாருடைய கண்ணும் தன்மேல் விழுவதுதான் அவளுடைய அச்சம்.

அந்தப் பழக்கம் வீட்டில் ஊன்றிய பிறகு, பிள்ளைகள் வருவதற்கு முன்பே நீங்களும் அவளும் அந்தத் தோழியும் வெறும் வகுப்பறையில் பத்து நிமிடம் விளையாட அனுமதி கேளுங்கள். வருகைப் பதிவுக்கு இப்போதைக்குக் கை உயர்த்தினால் போதும் என்று ஆசிரியை ஏற்றுக்கொள்ளட்டும். ‘ஊமை’ என்ற சொல்லை மட்டும் ஒரு நாளும் பொறுத்துப்போக வேண்டாம். “அவளுக்குப் பேசத் தெரியும், இங்கே பேசக் கொஞ்ச நாள் ஆகும்” என்று ஆசிரியை வகுப்பில் நிதானமாகச் சொன்னால், ஆறு வயதுப் பிள்ளைகள் அதை நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

மருத்துவரைப் பார்ப்பதையும் இதோடு சேர்த்தே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பல்வலிக்கு மருத்துவரிடம் போகும்போது வரனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மனத்தின் அச்சத்துக்கு மட்டும் ஏன் ஒளிந்து நிற்க வேண்டும்? 1957-இல் தொடங்கிய பாகாயம் மையம், நோயாளியைப் பூட்டி வைக்காமல் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையில் நம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. உங்கள் மகளுக்குத் தங்கும் தேவையே பெரும்பாலும் இராது. விளையாட்டின் வழியாகவும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதன் வழியாகவும்தான் இதற்குப் பெரும்பாலும் சிகிச்சை நடக்கிறது. அங்கே சொல்வது வெளியே போகுமோ என்ற பயமும் வேண்டாம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த இரகசியத்தைக் காக்கும் உரிமையை அளித்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் யாரிடமாவது பேச விரும்பினால், 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கான இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கயிற்றைப் பற்றி மாமியாரோடு வாதிடாதீர்கள். அது பேத்தி மேல் அவர் வைத்திருக்கும் பாசம், கையிலேயே இருக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் அவர்கள் இருவரும் பல்லாங்குழி ஆடுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். போகும் நாளில் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்று மருத்துவரிடம் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் வேறு யாரும் இல்லை.