முதலை முதுகில் ஒரு கரணம்

அன்புள்ள ஐயா,

லண்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் சட்டம் போட்ட படம் ஒன்று வாங்கினேன். முதலையின் முதுகில் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறான் ஒருவன். கீழே இடது ஓரத்தில் பொடி எழுத்தில் எச். கார்போல்ட் என்று இருக்கிறது. வலது ஓரம் சட்டத்துக்குள் மறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர், "இது ஏதோ ஒரு சிலையைப் பார்த்து அப்படியே வரைந்தது, இதில் வரைந்தவனுடைய கலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யார் இந்தக் கார்போல்ட்?

செ.

அன்புள்ள செ.,

கார்போல்டைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ரொம்ப சந்தோஷம்.

முதலில் அந்தக் கரணக்காரன். அவன் ரோமானியர் காலத்துப் பளிங்குச் சிலை, உயரம் முக்கால் மீட்டர்தான். சார்லஸ் டவுன்லி என்ற செல்வந்தர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சிலைகளில் ஒன்று. 1805இல் அவர் இறந்ததும் அந்தப் பளிங்குச் சிலைகளை 20,000 பவுண்டு கொடுத்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்கினார்கள். நீங்கள் இருக்கும் ஊரிலேயே அவன் இருக்கிறான்!

முதலை மேல் கரணம் என்பது வெறும் கற்பனை என்று தோன்றும். ஆனால் எகிப்தில் நைல் கரையில் டெண்டெரா என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு முதலை என்றால் பயமே கிடையாது என்று பழைய ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ரோமுக்கு முதலைகளைக் காட்சிக்குக் கொண்டுவந்தபோது இவர்களும் கூடவே வந்ததை ஸ்ட்ராபோ என்ற கிரேக்க ஆசிரியர் சொல்கிறார். ஒரு குளம், அதன் ஒரு பக்கம் மேடை. இவர்கள் தண்ணீரில் இறங்கி, முதலைகளை வலையில் பிடித்து, ஜனங்கள் பார்க்கும்படி மேடைக்கு இழுத்துவருவார்கள். அப்புறம் திரும்பக் குளத்துக்குள் கொண்டுபோய் விடுவார்கள். பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: சிறிய உடம்புக்காரர்களான இவர்கள் முதலையின் முதுகில் ஏறி, அது வாயைத் திறக்கும்போது குறுக்கே ஒரு கழியைச் செருகி, இரண்டு முனையையும் கடிவாளம்போல் பிடித்து ஓட்டிவருவார்களாம். நம் சிற்பி இதைப் போன்ற ஏதோ ஒரு வேடிக்கையை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, கார்போல்ட். ஹென்றி கார்போல்ட் 1787இல் லண்டனில் பிறந்தார். அப்பா ரிச்சர்டும் ஓவியர். ஹென்றி ராயல் அகாதமி ஓவியப் பள்ளியில் படித்தவர். பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமிருந்த பளிங்குச் சிலைகளைப் பற்றி 1812 முதல் பாகம் பாகமாகப் பெரிய புத்தகங்கள் போட்டது. முதலில் அதற்குப் படம் வரைந்தவர் வில்லியம் அலெக்சாண்டர். 1816இல் அவர் இறந்த பிறகு அந்த வேலை கார்போல்டிடம் வந்தது. சுமார் முப்பது வருடம் பழைய பளிங்குச் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். உங்கள் படம் பத்தாவது பாகத்தைச் சேர்ந்தது, 1845. கார்போல்ட் 1844 டிசம்பரிலேயே போய்விட்டார். அந்தப் பாகம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

உங்கள் நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். சிலையை நாம் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். எதிரே நின்றால் முதலையின் மூக்குதான் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் போனால் அவன் முதுகின் வளைவு கிடைக்கும், ஆனால் கைகளில் இறங்கும் பாரம் தெரியாமல் போகலாம். எந்த இடத்தில் நின்றால் 'இதோ விழப்போகிறான், ஆனால் விழமாட்டான்' என்பது தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும். நான் அதைக் கலை என்றுதான் சொல்வேன்.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அவனுடைய தோளைப் பாருங்கள். நிழல் விழும் இடத்தில் கோடுகள் நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஓடும். வெளிச்சம் வர வர விலகும், மெலியும், நின்றுபோகும். பளிங்கின் வெண்மைக்கு மை எதுவும் இல்லை. அங்கே தெரிவது வெறும் காகிதம். ஒவ்வொரு கோடும் உலோகத் தகட்டில் உளியால் கீறியது. கீறலுக்குள் மையை நிரப்பி, தகட்டின் மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வரும். படத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். தகடு அழுந்திய பள்ளம் தட்டுப்பட்டால் அது நல்ல அடையாளம்.

கார்போல்டுடைய இன்னொரு வேலையை உங்கள் நண்பர் நிச்சயம் பார்த்திருப்பார். உலகத்தின் முதல் தபால்தலை, 1840இல் வந்த பென்னி பிளாக். அதில் இருக்கும் விக்டோரியா மகாராணியின் தலையை வரைந்தவர் இவர்தான். வில்லியம் வயன் செய்த ஒரு பதக்கத்தைப் பார்த்து வரைந்தார். சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெடரிக்கும் அதைத் தகட்டில் செதுக்கினார்கள். 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் அச்சானது. அங்கேயும் பாருங்கள், இன்னொருவர் செய்த உருவம், அதைப் பார்த்து வரைந்த ஒரு கை, அதைச் செதுக்கிய வேறொரு கை. தபால்தலையில் இவர்கள் யார் பெயரும் கிடையாது. உங்கள் படத்திலாவது ஓர் ஓரத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து வழக்கப்படி இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர் வரும், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர் வரும். உங்கள் படத்தில் அதைத்தான் சட்டம் மறைத்திருக்கிறது. சட்டம் போடும் நல்ல கடையாகப் பார்த்துக் கொடுத்து, காகிதம் கிழியாமல் பத்திரமாகக் கழற்றச் சொல்லுங்கள். வலது ஓரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.