வாசல் சுவரில் வால் வைத்த பூச்சி

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். நேற்றிலிருந்து வாசல் விளக்குக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விடப் பெரிய பழுப்பு நிறப் பூச்சி ஒன்று அசையாமல் இருக்கிறது. இறக்கையில் வெள்ளைக்கோடு, பின்னால் வால். அதன் தூள் பட்டால் கண் போய்விடும் என்கிறார் மாமியார். வீட்டில் கைக்குழந்தை உண்டு. துணியில், செடியில் முட்டை வைக்குமா?

பதில்: கண் போகாது. மாமியாரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தத் தூள் விஷமில்லை. இறக்கையில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள்தான். கண்ணில் விழுந்தால் மற்றத் தூசியைப் போல உறுத்தும், சிலருக்கு அரிக்கும். தேய்க்காமல் தண்ணீரில் கழுவினால் போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது லிஸ்ஸா ஸாம்பா என்ற அந்துப்பூச்சி. வாலைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி என்று நினைப்பவர்கள் நிறைய. உணர்கொம்பைக் கவனியுங்கள்: நுனியில் குமிழ் இல்லாமல் நூல்போல இருக்கும். அப்புறம் அந்த வெள்ளைக்கோடு. முன்னிறக்கையில் ஆரம்பித்து, பின்னிறக்கையிலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். சுண்ணாம்பைத் தொட்டு ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு அது. இறக்கையை விரித்தால் 10 முதல் 16 செண்டிமீட்டர் வரை வரும். அட்லஸ் அந்துப்பூச்சி இதைவிடப் பெரிது, செம்பழுப்பு நிறம், இறக்கை நுனி பாம்புத் தலைபோல இருக்கும். அதற்கு வால் கிடையாது.

இமயமலை அடிவாரம், தென் சீனா, தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பீன்ஸ் என்று பரந்து வாழும் இனம் இது. இங்கே பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை கண்ணில் படும். 2014இல் ஏராளமாக வந்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் பலரும் பார்த்தார்கள்.

துணியைப் பற்றிக் கவலை வேண்டாம். துணி அரிக்கும் அந்து அரிசி அளவுதான் இருக்கும். அது வேறு இனம். இதன் புழுக்களுக்கு உணவு, மலாய்க்காரர்கள் செசெண்டோக் என்று சொல்லும் காட்டுமரத்தின் இலை. உங்கள் கறிவேப்பிலைத் தொட்டியால் அதற்குப் பயனில்லை.

பகலில் ஓய்வெடுத்து, இருட்டிய பிறகு பறக்கும். வெளிச்சம்தான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. இன்று மாலை வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் தானே போய்விடும். பொது விளக்கை அணைக்க முடியாதே என்றால், அகலமான டப்பாவை மேலே மெதுவாகக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, கீழே மரத்தடியில் விடுங்கள். இறக்கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், கிழிந்துவிடும். பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் புகைதான் கெடுதல்.