அனெட் நோர்பெர்க்: கேட்டவர்களுக்குப் பதில்

பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு, வரைந்த வட்டத்தின் நடுவே நிறுத்தப் பார்க்கும் விளையாட்டான கர்லிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஸ்வீடனின் அனெட் நோர்பெர்க்கைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர் என்பதால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, அவர் எந்த ஊர்? சின்ன வயதிலிருந்தே ஆடினாரா?

பதில்: 1966-ல் ஹெர்னோசாண்டில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 400 கி.மீ. தள்ளி, பொத்னியா வளைகுடா ஓரத்தில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர். உள்ளூர் கிளப்புக்காகவே பல வருஷம் ஆடினார். 1988-லேயே ஐரோப்பிய சாம்பியன் அணியில் இருந்தார். ஆனால் ஒலிம்பிக் தங்கம் வந்தபோது வயது 39! நடுவில் இருந்த அந்த 18 வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யார் என்று புரியும்.

கேள்வி: இதுதான் அவருக்கு வேலையா?

பதில்: இல்லை. தொழில் காப்பீட்டுக் கணிதம். எந்த இழப்பு எவ்வளவு நடக்க வாய்ப்பு, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. கர்லிங்கில் ஸ்கிப், அதாவது கேப்டன், ஒவ்வொரு கல்லுக்கும் போடுவதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

கேள்வி: 2006 இறுதி ஆட்டத்தின் கடைசிக் கல்லை ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்? எனக்கு விதிகள் தெரியாது.

பதில்: சரி, முதலில் விதி. ஒரு சுற்றை எண்ட் என்பார்கள். அதில் அணிக்கு எட்டுக் கல், ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ கிரானைட். வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யார் கல் பக்கத்தில் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கடைசிக் கல்லைப் போடும் உரிமை பெரிய பலம்.

டுரின் ஒலிம்பிக்கின் கர்லிங் பினரோலோ என்ற ஊரில் நடந்தது. இறுதியில் எதிரே மிர்யாம் ஓட்டின் ஸ்விட்சர்லாந்து. பத்து எண்ட் முடிந்து 6-6. கூடுதல் எண்டில் கடைசிக் கல் நோர்பெர்க் கையில். தேவைப்பட்டது ஒரே கல்லால் எதிரியின் இரண்டு கற்களை வெளியே தள்ளுவது. கேரம் ஆடியவர்களுக்குப் புரியும்: ஒரு ஸ்ட்ரைக்கர், இரண்டு காய், அதுவும் முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பனியில் ஒரு கால் மடக்கி, ஒரு கால் பின்னால் நீட்டிச் சறுக்கி வருகிறார். கைப்பிடியை லேசாகத் திருப்பி விடுகிறார். இரண்டு கற்களும் போயின. 7-6. எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: அடுத்த ஒலிம்பிக்கிலும் ஜெயித்தாரே, அதே அணியா?

பதில்: அதே நால்வர். ஈவா லுண்ட், நோர்பெர்க்கின் தங்கை கேத்ரின் லிண்டால், அன்னா ல மோயின். 2010 வான்கூவரில், கனடாவின் சொந்த மண்ணில், ஷெரில் பெர்னார்டின் அணிக்கு எதிராக மறுபடி கூடுதல் எண்ட், மறுபடி 7-6. இந்தத் தடவை கடைசிக் கல் பெர்னார்டுடையது. அது குறி தப்பியது. ஒலிம்பிக் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஸ்கிப் நோர்பெர்க்தான்.

கேள்வி: என்னைக் கேட்டால் அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய அணி கலைந்ததும், இருபதுகளில் இருந்த பெண்களைச் சேர்த்துப் புது அணி கட்டினார். 2011-ல் டென்மார்க்கின் எஸ்பியர்கில் கனடாவை வென்று உலக சாம்பியன். அப்போது வயது 44. 2005, 2006 உலகப் பட்டங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பல வருஷம் ஒன்றாக ஆடிய தோழிகளோடு ஜெயிப்பது ஒன்று. தன் வயதில் பாதி இருப்பவர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து, அவர்களோடு ஜெயிப்பது வேறு.

கேள்வி: ஐரோப்பியப் பட்டங்கள் மொத்தம் எத்தனை?

பதில்: ஏழு. அதில் 2001 முதல் 2005 வரை தொடர்ந்து ஐந்து.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

பதில்: 2006 இறுதி. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். மற்றவர்கள் கல் விடும்போது நோர்பெர்க் வட்டத்தில், பனியைத் தேய்க்கும் பிரஷை இலக்காக ஊன்றி நிற்பார். அவர் முறை வந்ததும் அந்த இடத்தில் ஈவா லுண்ட் வந்து நிற்பார். கல் கையை விட்டுப் போனபிறகு அதன் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுவது, பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடும் மற்ற இருவரின் வேலை. அவர்கள் தோள்களைப் பாருங்கள்.