‘7 பேண்ட் உறுதி’ என்றால் பணம் கட்டலாமா?

கேள்வி: மகள் பி.காம். முடித்துவிட்டாள். குடியாத்தத்தில் இருக்கிறோம். வரும் செப்டம்பரில் பிரிட்டனில் முதுகலை சேர எண்ணம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 6.5 பேண்ட் (மதிப்பெண்) வேண்டும், எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். காட்பாடியில் ஒரு பயிற்சி மையம் ‘ஐஇஎல்டிஎஸ், அகடமிக் இங்கிலீஷ் இரண்டும் 45 நாளில், 7 பேண்ட் உறுதி’ என்று 35,000 ரூபாயை முதல் நாளே முழுதாகக் கட்டச் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஒரே விலையில் இரண்டு வேறு படிப்புகளைச் சேர்த்து விற்கிறார்கள்.

ஐஇஎல்டிஎஸ் பயிற்சி ஒரு தேர்வுக்கான பழக்கம். எழுத்துப் பகுதியில் 60 நிமிடத்துக்குள் வரைபடத்தை விளக்கி 150 சொல், ஒரு தலைப்பில் 250 சொல் எழுதினால் போதும். எந்தப் புத்தகத்தையும் மேற்கோள் காட்ட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் நிலைமையே வேறு; அகடமிக் இங்கிலீஷ் அதற்கான பயிற்சி. விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்க வேண்டும்; பல ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எடுத்த இடத்தைச் சுட்டி, 2,000, 3,000 சொற்களுக்கு ஒரு வாதத்தை நடத்திச் செல்ல வேண்டும். மூலத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றி எழுதினால்கூட அங்கே அது கருத்துத் திருட்டு. நல்ல பேண்ட் வாங்கிய பிள்ளைகளும் முதல் அசைன்மென்டில் தடுமாறுவது இதனால்தான். 45 நாளில் இரண்டும் ஆகாது.

முதலில் வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். ஐஇஎல்டிஎஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘அகடமிக்’ தாளையே எடுக்க வேண்டும், ‘ஜெனரல்’ தாள் அல்ல. ரீடிங்கில் 40-க்கு 23 சரியென்றால் ஏறத்தாழ 6, 30 என்றால் 7. ரீடிங்கும் லிசனிங்கும் தேறிவிட்டால் ரைட்டிங், ஸ்பீக்கிங்குக்கு மட்டும் பணம் கொடுங்கள். பஸ்ஸில் போய்வரும் நேரமும் மிச்சம்.

மையத்தில் ஒரே கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: எத்தனை கட்டுரையைத் திருத்தித் தருவீர்கள்? திருத்திய பழைய தாள் ஒன்றைப் பார்க்க வேண்டும். கேள்விக்குப் பதில், கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் என்ற நான்குக்கும் தனித்தனியாகக் குறிப்பு இருந்தால் ஆசிரியருக்கு வேலை தெரியும். மனப்பாடம் செய்ய டெம்ப்ளேட் (தயார் விடை) கொடுத்தால் வெளியே வந்துவிடுங்கள். மனப்பாட விடைக்குத் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பார்.

பயிற்சி மையங்கள் பொய் உறுதி கொடுத்து விளம்பரம் செய்வதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 நவம்பர் வழிகாட்டுதல் தடுக்கிறது. ‘உறுதி’ என்றால் பணம் திரும்புமா, மறுபடி வகுப்பில் உட்கார மட்டும் விடுவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் மாதத் தவணையில், ரசீதோடு.

அரை பேண்ட் குறைந்தால் கலங்க வேண்டாம். பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் கோடையில் சில வாரங்களுக்கு ‘ப்ரீ-செஷனல்’ ஆங்கில வகுப்பு நடத்துகின்றன. கட்டணம் தனி, தேறினால்தான் முதுகலையில் இடம். ஆனால் மேலே சொன்ன கட்டுரைப் பயிற்சி உண்மையாகக் கிடைப்பது அங்கேதான். சேர்க்கைக் கடிதத்தில் அதற்கு இடம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: முழுப் பணமும் கட்டி இரண்டு வாரம் ஆகிறது. சொன்ன ஆசிரியர் வரவே இல்லை. திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்தி, ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்து உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.