எண் 6: ஒரு படமும் ஒரு காரும்

வணக்கம் ஐயா. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார் படத்தைச் சென்ற வாரக் கட்டுரையில் 'ஷ்னைடர் கார், 1913' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் 'தெலாஜ், 1912' என்று அச்சாகியிருக்கிறது. பாதிக் கார்தான் படத்தில் விழுந்திருக்கிறது. சக்கரமோ முட்டை வடிவத்தில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி அடையாளம் சொல்கிறார்கள்? இன்னொரு சந்தேகம். ஏலத்துக்கு வரும் பழைய பந்தயக் கார்களோடு ஒரு பழைய படத்தையும் வைத்து 'அதே கார்தான் இது' என்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
ர., ஈரோடு

அன்புள்ள ர.,

உங்கள் புத்தகத்தின் மேல் கோபம் வேண்டாம். பல ஆண்டுகள் அந்தப் படம் அப்படித்தான் அச்சாகி வந்தது. நானே முன்பு ஒரு கட்டுரையில் தெலாஜ் என்று எழுதியிருக்கிறேன். அன்று யாரும் கடிதம் போடவில்லை.

முதலில் அந்த முட்டைச் சக்கரம். அது காருடையதல்ல, கேமராவுடையது. லார்த்தீக் பயன்படுத்திய கேமராவில் ஷட்டர் என்பது ஒரு சிறு பிளவு. அந்தப் பிளவு, படம் பதியும் கண்ணாடித் தகட்டின் குறுக்கே நகரும்போது படத்தின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு கணத்தில் பதிவாகும். தரைப்பக்கம் முதலில் பதிந்து, மேல்பக்கம் பதிவதற்குள் கார் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. அதனால் சக்கரம் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவர் காரைத் தொடர்ந்து கேமராவையும் திருப்பியதால் சாலையோரம் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ஆக, இந்தப் படத்தில் சக்கரத்தின் வடிவத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. காரின் முகமான ரேடியேட்டரோ படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அது மட்டும் விழுந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

மிஞ்சுவது பின்பக்கமும், அதில் எழுதிய 6 என்ற எண்ணும்தான். இங்கேதான் படத்தை மூடிவைத்துவிட்டுப் பந்தயப் பட்டியலைத் திறக்க வேண்டும். 1912 பிரெஞ்சு கிராண்ட் பிரீ தியெப் நகரில் நடந்தது. அதில் தெலாஜ் நிறுவனம் கலந்துகொள்ளவே இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அமியானில் நடந்த பந்தயத்தில் தெலாஜ் கார்கள் ஓடின, நான்காவது ஐந்தாவது இடங்களையும் பிடித்தன. ஆனால் எண் 6 அவற்றுக்கு உரியதல்ல. அது குரோக்கே ஓட்டிய ஷ்னைடர் காரின் எண். ஒரே படத்தில் ஆண்டும் தவறு, ஊரும் தவறு, காரும் தவறு. படம் மட்டும் சரி.

ஆனால் எண்ணை இப்படி நம்பியது பட்டியல் துணைக்கு இருந்ததால்தான். எண் அந்த ஒரு நாளுக்கானது. அடுத்த பந்தயத்தில் அதை அழித்துவிட்டு வேறு எண் எழுதுவார்கள். பழைய படங்களைப் பார்க்கிறவர்கள் எண்ணில் மயங்கி நிற்பது வழக்கம்; திருவிழாச் சட்டையை வைத்து ஆளை அடையாளம் காட்டுவது போன்றது அது.

நிறமும் அப்படித்தான் ஏமாற்றும். அக்காலத்துத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. இத்தாலியச் சிவப்புக் கார் ஏறக்குறையக் கறுப்பாக விழும்; பிரெஞ்சு நீலம் வெளுத்து, வெள்ளை போலத் தோன்றும். 1929-இல் முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை வென்ற கார் பிரெஞ்சுத் தயாரிப்பான புகாட்டி, ஆனால் பச்சை நிறம். அன்று பந்தயத்தில் நாட்டுக்கொரு நிறம்; பிரிட்டனுக்குப் பச்சை. ஓட்டிய குரோவர் வில்லியம்ஸ் பிரிட்டிஷ்காரர். இப்போது கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டிப் பரப்புகிறவர்கள் 'புகாட்டி என்றால் நீலம்' என்று கண்ணை மூடிக்கொண்டு பூசிவிட்டால், அந்தப் படம் அடுத்தவருக்குச் சாட்சியாகிவிடும். எனக்கு இதில் தனி எரிச்சல் உண்டு.

புகாட்டியைச் சொன்னதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வகையைக் கண்டுபிடிப்பது ஒன்று, தனிக் காரைக் கண்டுபிடிப்பது வேறு. 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் முதலில் ஓடிய புகாட்டி 35 வகை, எட்டுத் தட்டையான ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரங்களால் எளிதில் தெரியும். பின்னால் வந்த, சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய வகைகளில் பானெட்டின் வலப்பக்கம் ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். அதற்கும் பின்னால் வந்த 51 வகையில் அந்தத் துளை இன்னும் கீழே இறங்கிவிடும். பெட்ரோல் மூடியும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இதுவரை சுகமான வேலை. ஆனால் ஒரே வகையில் செய்த பல கார்களில் இது எது? சேசிஸ் எண், அதாவது ஒவ்வொரு காரின் அடிச்சட்டத்துக்கும் உரிய தனி எண், உலோகத்தில் அடித்த சின்னஞ்சிறு எழுத்து. ஓடும் காரின் படத்தில் அது தெரியாது. அப்போது பார்க்க வேண்டியவை அற்பமானவை: பானெட்டில் ஒரு நசுங்கல், வரிசை தவறி அடித்த ஒரு ரிவிட், தோல்வாரின் கொக்கி இருக்கும் இடம், யாரோ பிற்பாடு மாட்டிய கண்ணாடி. இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. பானெட்டைக் கழற்றி வேறு காரில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? என்ஜினையே மாற்றியிருக்கிறார்கள்.

ஏலப் படங்களில் சிக்கல் இங்கேதான். படம் அந்த நாளின் காரைக் காட்டுகிறது. இன்று உங்கள் முன் நிற்பது அதன்பின் உடைந்து, ஒட்டி, உடல் மாறி வந்த கார். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பெயருடையது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அது சரிவான வளைவின் மேல்விளிம்பைத் தாண்டி விழுந்ததில் ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். பிறகு அதைக் கூரையுள்ள சாலைக் காராகக் கட்டினார்கள். பின்னாளில் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி, வாங்கியவர் 'இது அந்தக் கார் இல்லை' என்று மறுக்க, வழக்கு 1990-இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-இல் ஓடிய காரின் பாகங்களில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்று நீதிபதி கண்டார். ஆனாலும் இடையில் அறுபடாத வரலாறு இருப்பதால் இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். லெ மான் படத்தையும் அந்தக் கூரைக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமையும் கண்ணில் படாது.

ஆகவே ஏலத்தில் படத்தை நீட்டினால், படத்துக்கும் இன்றைக்கும் நடுவில் யார் யாரிடம் கார் இருந்தது என்று கேளுங்கள். கைமாறிய காகிதங்கள் வந்தால் படத்துக்கு மதிப்பு உண்டு. வராவிட்டால் அது அழகான படம், அவ்வளவுதான்.

உங்கள் புத்தகத்தில் அச்சாகியிருப்பதை அடித்துவிட வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: ஷ்னைடர், குரோக்கே, எண் 6, அமியான், 1913.